ரெங்கம் போனால் மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு

சென்ற சனிக்கிழமை ரெங்கத்துக்குப் போனது அண்ணனைப் பார்க்க. போவது காரில் என்று தெரியும். திரும்பி வருவது காரிலா பஸ்ஸிலா என்பதுதான் கிளம்பும்போது தெரியாது. அதை முடிவு செய்யப் போவது டாஷ்போர்டில் என் கட்டை விரல் அளவுக்கு இருக்கிற ஒரு மஞ்சள் விளக்கு.

இந்த வலைப்பதிவில் வழக்கமாக நான் எழுதுவது ஜொகூரில் ஒரே நாளில் போய் வரக்கூடிய இடங்களைப் பற்றி. எந்தக் கடற்கரையில் கூட்டம் குறைவு, எங்கே கார் நிறுத்தலாம், எந்தக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருத்தப்பட வேண்டாம், இப்படி. இந்த முறை ஊரைப் பற்றிக் கொஞ்சம், இன்ஜினைப் பற்றி நிறைய. சென்சார் மாற்றியும் விளக்கு மறுபடி எரிகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் சிரிப்பதற்காகவாவது படியுங்கள்.

முதலில் கார். வெள்ளை நிறம், சின்ன கார், ஏழு வயது. மாதத் தவணை கட்டியது நான், பெட்ரோல் எண்ணெய் ஊற்றுவது நான், ஓட்டுவது நான். ஆனால் பெயர் மட்டும் அண்ணன் பெயரில். வாங்கும்போது என் சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கி உதட்டைப் பிதுக்கியது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். தவணை முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. பெயரை மாற்ற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் அதைப் போய் எப்படி வாய்விட்டுக் கேட்பது?

அண்ணன் பெயர் முனியாண்டி. நாற்பது வருடம் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு நாற்பத்தேழு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார், சனி ஞாயிறில் பெரும்பாலும் வேலை. அதனால் எங்கே போனாலும் நான் தனியாகத்தான் போவேன். தொழிற்சாலையில் வாரம் முழுக்க அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சனிக்கிழமை ஸ்டீரிங்கைப் பிடித்தால்தான் மனுஷியாகிறேன். அண்ணனுக்கு அது பிடிக்காது. பெண்பிள்ளை தனியாக இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வருவதா என்பார்.

விளக்கு முதன்முதலில் எரிந்தது தவணை முடிந்த சந்தோஷத்தில் ரெங்கம் போய்விட்டுத் திரும்பிய அன்று. அண்ணன் வீட்டுக்குப் போகிற கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்பனைக்குள் போகும் செம்மண் ரோடு, குண்டும் குழியுமாக இருக்கும். அதைத் தாண்டும்போது எரிந்தது. ஸ்கூடாயில் என் பொமேன் ஆ செங்கிடம் கொண்டு போனேன். (மெக்கானிக்கை நாங்கள் பொமேன் என்றும் காரைக் காடி என்றும்தான் சொல்வோம். தமிழ்நாட்டு வாசகர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.) அவர் கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சார் என்றார். புகைக்குழாயில் வாயுவை மோப்பம் பிடிக்கிற கருவி அது. அதைச் சூடாக்குகிற மின்சாரம் சரியாகப் போகவில்லையாம். புது சென்சார், கூலியோடு இருநூற்று எண்பது வெள்ளி (ரிங்கிட்). விளக்கு அணைந்தது. ஸ்கூடாயில் மூன்று வாரம் நெரிசலில் ஊர்ந்தேன், ஒன்றுமில்லை. மறுபடி ரெங்கம் போனேன். மறுபடி எரிந்தது.

ஆ செங் நல்ல மனிதர். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. காசு வாங்காமல் இன்னொரு சென்சார் மாட்டினார். ஒயரில் மின்சாரம் அளந்து பார்த்தார், எல்லாம் சரி. இன்ஜினை ஒரு மணி நேரம் ஓட விட்டார், சரி. அடுத்த முறை ரெங்கம் போனேன். சொல்லவா வேண்டும்? என் தெருவில் உள்ள பக்கத்து வீட்டம்மா அந்த ஊர்த் திசையே காருக்கு ஆகவில்லை என்று முடிவே கட்டிவிட்டார்.

அண்ணனுக்கு இது போதாதா! போனில் பிடித்துக்கொண்டார்.

“பாப்பா, அது சீக்கு வந்த வண்டி. எங்கியாவது நட்ட நடுக் காட்டுல நிறுத்திடும். வித்துடலாம். ஆயர் ஈத்தாம்ல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பழைய காடி வாங்குறாரு.”

“ஒன்னும் விக்க வேணாம். ஆ செங் இப்ப மூணாவது தடவையா நல்லா பாத்துட்டாரு. இனிமே எரியாது.”

“எரிஞ்சா?”

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். “எரிஞ்சா சாவிய உங்க கையில கொடுத்துட்டு நான் பஸ் ஏறிடுறேன். போதுமாண்ணே?”

“பேச்சு மாறக்கூடாது.”

“மாற மாட்டேன் லா!”

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. கார் போனால் இந்த வலைப்பதிவும் போச்சு, என் சனிக்கிழமைகளும் போச்சு. தொழிற்சாலை பஸ், வீடு, தொழிற்சாலை பஸ். அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் பேர் அவருடையது, வாக்கு என்னுடையது. என்ன செய்ய?

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஸ்கூடாயில் முப்பது வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு புறப்பட்டேன். பல்கலைக்கழகப் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் கிளம்பிவிட்டால் ரோடு காலியாக இருக்கும். நெடுஞ்சாலையை எடுக்கவில்லை. செனாய், கூலாய், லாயாங் லாயாங் வழியாகப் பழைய ரோட்டிலேயே போனேன். மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர் வரும். டோல் கிடையாது, கார் முரண்டு பிடித்தால் ஓரங்கட்டுவதும் சுலபம். சந்தேகத்துக்குரிய காரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழிதான்.

கூலாயில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே டீ. ரொட்டி மொறுமொறுவென்று இருந்தது, பருப்புக் குழம்பில் உப்பு தூக்கல். கூலாயைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் குலை லாரி மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காதீர்கள், வளைவுகள் அதிகம். நான் ஒரு லாரியின் பின்னாலேயே லாயாங் லாயாங் வரை போனேன். வானம் மப்பாக இருந்தது, ஜன்னலைத் திறந்துவிட்டேன், ரேடியோவில் பழைய பாட்டு. நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் கண் மட்டும் நொடிக்கொரு தரம் டாஷ்போர்டுக்குப் போய் வந்தது. விளக்கு எரியவில்லை.

ரெங்கம் சின்ன ஊர். நான்கு வரிசைக் கடைகள், ஒரு பாசார் சந்தை, ஒரு கோப்பிக் கடை, சுற்றிலும் தோட்டங்கள். அண்ணிக்குப் பிடித்த பலாப்பழ வறுவல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு செம்மண் ரோட்டில் திரும்பினேன். முட்டையை மடியில் கட்டிக்கொண்டு நடப்பவள் போல மெதுவாகத்தான் ஓட்டினேன். முதல் பள்ளம், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. “முனீஸ்வரா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று வாயைத் திறந்தே வேண்டிக்கொண்டேன். மூன்றாவது பள்ளத்தில் இறங்கி ஏறினேன். எரிந்தது.

அலமாக்! நடு ரோட்டில் நிறுத்தி ஸ்டீரிங்கை ஓர் அறை விட்டேன். கைதான் வலித்தது.

இப்போது ஒரு சின்னத் திருட்டுத்தனம். இணையத்தில் நாற்பது வெள்ளிக்கு ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தேன். ஸ்டீரிங்குக்குக் கீழே செருகினால் பழுதின் எண்ணைக் கைப்பேசியில் காட்டும். அதே எண், அதே சென்சார். கைப்பேசியிலேயே விளக்கை அழிக்கவும் முடியும். அழித்தேன். அண்ணனுக்கு எப்படித் தெரியப் போகிறது? அடுத்த பள்ளத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். அண்ணன் வீட்டு கேட்டில் திரும்பும்போது, அவர் எதிரே வந்து நின்ற அந்த நேரம் பார்த்து, மூன்றாவது முறையாக எரிந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கும் முன் ஜன்னல் வழியாகக் குனிந்து டாஷ்போர்டைத்தான் பார்த்தார்.

“வா பாப்பா,” என்றார். பிறகு, “பாத்தியா?” என்றார்.

உள்ளே போய்ச் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அண்ணி சரோஜா கோழி பிரட்டிக்கொண்டிருந்தார். வெங்காயம் உரிக்கக் கொடுத்தார். நல்லதாகப் போயிற்று, அழுவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நன்றாக அழுதேன். அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா?

“ஏங்க,” என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அவ புருஷனே ஒன்னும் சொல்லல. அவ ஓட்டிட்டுப் போறா, வர்றா. உங்களுக்கு எங்க வலிக்குது?”

“நீ சும்மா இரு. காட்டுல நின்னு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார் அண்ணன் அங்கிருந்தே. அதற்குள் போன் பேசி முடித்துவிட்டார். ஆயர் ஈத்தாம்காரர் மதியம் அந்த ஊர்ப் பானைக் கடைகள் பக்கம் வந்து காரைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்தால் அங்கேயே முன்பணம், அண்ணன் என்னை அங்கேயே பஸ் ஏற்றிவிடுவார். கோழிப் பிரட்டல், ரசம், அப்பளம். எப்போதும் இரண்டு முறை சோறு போட்டுக்கொள்கிறவள் அன்றைக்கு ஒரு முறையோடு எழுந்துவிட்டேன்.

புறப்படும் நேரம் அண்ணன் கை கால் கழுவிவிட்டு வந்து, “பானெட்ட கொஞ்சம் தூக்கு பாப்பா” என்றார். தூக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று இன்ஜினைக் கும்பிட்டார். பிறகு உள்ளே கையை விட்டு எதையோ அவிழ்த்தார். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று, ஒரு பிடி அளவு, கரி படிந்து அழுக்காகக் கையில் வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை தொங்கியது.

“என்னண்ணே அது?”

“சாமி கட்டு. வண்டி அடுத்தவன் கைக்குப் போவுதுல்ல, இத அதுலயே விடக்கூடாது. நம்மகிட்ட வந்துடணும்.”

இருந்த எரிச்சலில் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கடைசித் தடவை நானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு காரில் உட்கார்ந்து, ஸ்கேனரைச் செருகி விளக்கை மறுபடி அழித்தேன். இந்த முறை ஏமாற்ற அல்ல. எத்தனை பள்ளத்துக்கு ஒரு தரம் எரிகிறது என்று வாங்குகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடலாம் என்றுதான். அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மேலே இருக்கிற கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

செம்மண் ரோட்டில் முதல் பள்ளம், எரியவில்லை. இரண்டாவது, எரியவில்லை. வரும்போது எரிந்த பள்ளத்திலும் எரியவில்லை. எனக்கு வீம்பு வந்துவிட்டது. தேடித் தேடி ஆழமான பள்ளமாகப் பார்த்து இறக்கினேன். அண்ணன் தலை கூரையில் இடித்தது.

“ஏன் பாப்பா பள்ளமா பாத்து விடுற? கண்ணு தெரியலையா?”

“எல்லாம் தெரியுது. சும்மா வாங்கண்ணே.”

தார் ரோடு வந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. ரெங்கம் தாண்டி சிம்பாங் ரெங்கம், ஓரத்தில் அன்னாசிப்பழக் கடைகள். எரியவில்லை. வரும்போது எரிந்தது, போகும்போது எரியவில்லை. அதே ரோடு, அதே கார், ஓட்டுவதும் அதே நான். தொழிற்சாலையில் ஒரு பொருள் காலையில் கெட்டு மதியம் சரியாக வந்தால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: நடுவில் எதை மாற்றினீர்கள்? மாச்சாப் வந்தபோது அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். மாறியது ஒன்றே ஒன்று. அது அண்ணன் சட்டைப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நிறுத்தினேன். “அண்ணே, அந்தக் கட்ட எங்க கட்டியிருந்தீங்க?”

“ஏன்?”

“சொல்லுங்கண்ணே.”

“முன்னாடிதான். ஒரு கறுப்புக் குழா போவுதுல்ல, அதுல.”

“அது குழா இல்லண்ணே, ஒயரு! ஒயருக்கு மேல போட்ட உறை!”

நான் ஆ செங்குக்குப் போன் போட்டேன், அண்ணனும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்து. ஆ செங் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் பேசுவார்.

“ஆ செங், என் கார்ல மஞ்சள் துணி கட்டியிருந்துச்சே, பாத்தீங்களா?”

“பாத்தேன் அக்கா. மூணு தடவையும் பாத்தேன். சாமி சாமான்தானே?”

“அத என்ன செஞ்சீங்க?”

“கெட்ட வேலை ஒன்னும் செய்யல அக்கா!” பயந்துவிட்டார் மனிதர். “முதல்ல கை கழுவிட்டு மெதுவா அவுத்து, மேல சுத்தமான இடத்துல வெச்சிடுவேன். அப்புறந்தான் சென்சார்ல கை வெப்பேன். வேலை முடிச்சு, எல்லாம் டெஸ்ட் பண்ணி, திரும்ப கட்டிடுவேன். அதே இடம் அக்கா, ஒரு இஞ்சு தள்ளல. ஏன், சாமி கோவமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர, காரே குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அவ்வளவு மரியாதையான மனிதர்! பழுதை முதலில் அவிழ்த்து வைத்துவிட்டு, பழுதே இல்லாத காரைச் சோதித்து, எல்லாம் சரி என்று சொல்லி, பழுதை மறுபடி பத்திரமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். எதற்கும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவர் சாமி விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நம் ஊரில் எல்லோரும் பழகிய பழக்கம் அது. அதைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் சிரிக்கவில்லை. முடிச்சைப் பையிலிருந்து எடுத்து மடியில் பிரித்தார். திருநீறு, கல்லாய்க் காய்ந்த எலுமிச்சம்பழம், நான்கு பழைய காசு, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. “முனீஸ்வரர் கோயில்ல மந்திரிச்சது,” என்றார். “கடன் முடிஞ்சு வந்தியே, அன்னிக்கு நீயும் உங்க அண்ணியும் உள்ள சமைச்சிக்கிட்டு இருந்தீங்க. நான் காடிய கோயிலுக்குக் கொண்டு போயி பூசை போட்டு இதக் கட்டினேன்.”

“என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொன்னா விடுவியா? முன்ன ஒரு தடவ முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டினதுக்கே அழுகி நாறுதுன்னு அந்தக் கத்து கத்தின. அதான் உள்ள கட்டினேன். லாரில நாப்பது வருசம் கட்டியிருந்தேன், ஒன்னும் ஆகல பாப்பா.” காய்ந்த எலுமிச்சம்பழத்தை விரலால் உருட்டிக்கொண்டே, “நீ தனியா போற. எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது,” என்றார்.

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன், அதற்குப் பதில் அவர் மடியிலிருந்து உருண்ட காசை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கார் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது, ஆயர் ஈத்தாமில் ஆள் இன்னும் வரத்தான் போகிறார். விளக்கு எரியாமல் இருந்தது தற்செயல் என்று அண்ணன் சொல்லிவிட்டால் என் கதி? சோதித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆயர் ஈத்தாமில் பானைக் கடைகளுக்கு முன்னால் இறங்கினோம். பூச்சாடி, உண்டியல், மண் யானை, ஆளுயர ஜாடி எல்லாம் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கும். சொல்கிற விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். வறுத்த கச்சான் கடலையும் நன்றாக இருக்கும். கடைகளுக்குப் பின்னால் லாரிகள் திரும்புகிற ஒரு மண் திடல் உண்டு, முழுக்கப் பள்ளம். அங்கே கொண்டு போய் நிறுத்தினேன்.

இன்ஜின் கொஞ்சம் ஆறட்டும் என்று ஆளுக்கொரு ஐஸ் மைலோ குடித்தோம். பிறகு அண்ணனிடமே சொன்னேன்: “நீங்களே கட்டுங்க. எங்க கட்டியிருந்தீங்களோ அங்கயே.” பிரித்ததை மறுபடி முடிந்து கட்டினார். திடலை ஒரு சுற்றுச் சுற்றினேன். பாதிச் சுற்றில் விளக்கு எரிந்தது. “இப்ப அவுருங்க.” அவிழ்த்தார். விளக்கை அழித்துவிட்டு அதே பள்ளங்களில் மூன்று சுற்று. எரியவில்லை. “மறுபடி கட்டுங்க,” என்றேன். அண்ணன் கட்டவில்லை. குனிந்து, அந்தக் கறுப்பு உறை போய்ச் சேருகிற பிளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பள்ளத்தில் விழும்போதெல்லாம் முடிச்சு ஆடி ஒயரைக் கீழே இழுத்திருக்கிறது, பிளக் நூலளவு விட்டுப் பிடித்திருக்கிறது. நாற்பது வருடம் வண்டியோடு வாழ்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“சரி,” என்றார். பானெட்டை அவரே மூடினார். அந்தச் சரி எதற்கான சரி என்று எனக்குப் புரியவில்லை. கார் வாங்குகிறவர் இன்னும் வந்து சேரவில்லை.

அவர் வருவதற்குள் உங்களுக்கு நான்கு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இன்ஜின் விளக்கு மஞ்சளாக நின்று எரிந்தால் பதற வேண்டாம், வேகத்தைக் குறைத்து ஒரு பட்டறைக்குப் போய்விடலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், ஓரங்கட்டிவிடுங்கள். அழிப்பதற்கு முன் பழுது எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது (நான் கேட் வரைக்கும் அழித்துப் பார்த்தவள், நம்புங்கள்). எண் ஒரு சென்சாரைக் காட்டினால் சென்சார்தான் கெட்டது என்று அர்த்தமில்லை. அதற்குப் போகிற ஒயர், பிளக் எல்லாவற்றையும் இன்ஜின் ஆறிய பிறகு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதிரி ரோட்டில் எரிகிறது என்று கவனியுங்கள். எனக்கு எல்லா முறையும் பள்ளத்தில்தான் எரிந்தது, அதை நான் ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். முக்கியமாக, பொமேனிடம் கேளுங்கள்: வேலை செய்வதற்கு முன்னால் எதைக் கழற்றினாய், எதைத் திரும்ப மாட்டினாய் என்று. பழைய ரோட்டில் கூலாயிலும் சிம்பாங் ரெங்கத்திலும் பட்டறைகள் இருக்கின்றன. லாயாங் லாயாங்குக்கும் ரெங்கத்துக்கும் நடுவில் நான் எதையும் பார்க்கவில்லை, தோட்டத்துக்குள் போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். சாமி கட்டு கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டுங்கள், ஒயரில் மட்டும் வேண்டாம்.

அண்ணன் கைப்பேசி அடித்தது, கார் வாங்குகிறவர்தான். அவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார், நான் வெளியே கதவில் சாய்ந்து நின்றிருந்தேன்.

“ஆ, வந்துட்டோம். பானைக் கடைக்குப் பின்னாடி,” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அண்ணன் முடிச்சை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டே பேசினார். “காடி நல்லாத்தான் இருக்கு. லைட்டு? அதெல்லாம் ஒன்னுமில்ல, அது நான் செஞ்ச கோளாறு.” மறுபடி ஏதோ கேள்வி, விலையாக இருக்கும். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அத என்கிட்ட கேட்டா எப்படிங்க? காடிக்குச் சொந்தக்காரங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க. அவங்ககிட்டயே கேட்டுக்குங்க.”

போனை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். ஏழு வருடத்தில் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போனைக் காதில் வைத்தேன்.

“வணக்கம். நான் முனியாண்டி அண்ணன் தங்கச்சி பேசுறேன். அலைய வெச்சதுக்கு மன்னிச்சிக்குங்க,” என்றேன். “இது என் காரு. விக்கலைங்க.”